சண்டை ரோபோ பட்டறையில் புதியவர்களுக்கு: எங்கே சிரிக்கலாம், எப்போது வாயை மூட வேண்டும்

கல்லூரி ரோபோ அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். 8 கிலோவோ, 15 கிலோவோ, ஐஐடி பாம்பேயின் தொழில்நுட்ப விழாவான டெக்ஃபெஸ்டில் இறங்கும் 60 கிலோவோ, ஏதோ ஒரு எடையில் சண்டை ரோபோ, அதாவது போட்டியில் இன்னொரு ரோபோவோடு மோதும் ரோபோ, செய்யப் போகிறீர்கள். மோட்டார் கட்டவும் பிளேடு வெட்டவும் சீனியர்கள் சொல்லித் தந்துவிடுவார்கள். பட்டறையில் எப்போது கிண்டல் அடிக்கலாம், எப்போது கூடாது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும். அதற்குள் யாருக்காவது விரல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சிரிப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. சிரிப்பு இல்லாத பட்டறையில் ஜூனியர் வாய் திறந்து கேள்வி கேட்க மாட்டான். தப்பு செய்தால் மறைப்பான். அதுவும் ஆபத்துதான். சிரிப்புக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும், அந்த இடம் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

1. எதன் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

'சின்ன ரோபோதானே' என்ற பேச்சை இந்தக் கணக்கு நிறுத்திவிடும். பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

1.5 கிலோ ரோபோ ஒன்று. அதில் 400 கிராம் எடை, 200 மிமீ நீளமுள்ள இரும்புப் பட்டை, அதுதான் ஆயுதம், நடுவில் அச்சு வைத்துச் சுற்றுகிறது. நிலைமத் திருப்புத்திறன் என்பது எடையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் வருவது: சுமார் 0.00133 கிலோ மீ². நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் கோணவேகம் வினாடிக்கு 838 ரேடியன். பாதி பெருக்கல் நிலைமம் பெருக்கல் கோணவேகத்தின் வர்க்கம் என்று போட்டால் ஏறக்குறைய 468 ஜூல் வரும். பட்டையின் நுனி மணிக்கு 300 கிமீ வேகத்தில் போகிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். மணிக்கு 140 கிமீ வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தில் இருப்பது சுமார் 118 ஜூல். கையில் தூக்கிக்கொண்டு போகிற அந்தக் குட்டி ரோபோவில் இருப்பது அப்படி நான்கு பந்து, அதுவும் கூர்முனை வைத்த இரும்பாக.

பெரிய ரோபோவில் 2 கிலோ பட்டை, 300 மிமீ நீளம், 6,000 சுற்று என்று வைத்தால் 2,960 ஜூல் வரும். பத்து கிலோ அரிசிப் பையைப் பத்தாவது மாடியிலிருந்து போட்டதற்குச் சமம். சுற்று இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் மனதில் வையுங்கள். 'கொஞ்சம் ஸ்பீடு ஏத்திப் பார்ப்போமே' என்று சொல்பவர் எதைக் கேட்கிறார் என்பது அப்போது புரியும்.

இந்தக் கணக்கை உங்கள் ரோபோவுக்குப் போட்டு, ஜூல் எண்ணைப் பெயின்ட்டால் ரோபோவின் முதுகிலேயே எழுதிவிடுங்கள். அனுமதிக் கடிதத்துக்கும் இதே எண் தேவைப்படும்.

2. அனுமதிக் கடிதம்: முதல் வாரமே கொடுங்கள்

துறைத்தலைவருக்கு, ஆசிரியர் பொறுப்பாளர் வழியாக, நகல் பட்டறைக் கண்காணிப்பாளருக்கு. கையெழுத்தாகி வர இரண்டு வாரமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் தேர்வு நெருங்கினால் இன்னும் இழுக்கும். பிளேடு தயாரான பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தால், அனுமதி வருவதற்குள் யாரோ ஒருவர் ராத்திரியில் வராந்தாவில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிடுவார். விபத்துக்கு வழி திறப்பது அங்கேதான்.

கடிதத்தில் 'ரோபோ சோதனை செய்ய அனுமதி வேண்டும்' என்று ஒற்றை வரி எழுதினால் அனுமதி கிடைத்தாலும் பயனில்லை. எடை, ஆயுத வகை, ஜூல் கணக்கு, பேட்டரியின் வோல்ட்டும் கொள்ளளவும், சோதனை நடக்கும் இடம், கிழமை, நேரம், உடன் இருக்கப்போகும் பெரியவர் யார் என்று எழுதுங்கள். ஒரு பக்க வரைபடமும், ஆயுதப் பூட்டின் படமும், லிங்க்கின் படமும் இணையுங்கள் (இரண்டும் என்ன என்று 4-ஆம் பகுதியில் வரும்).

இரண்டு விஷயம் பெரும்பாலும் விட்டுப்போகும். ஒன்று, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. வளாகத்தில் அதைக் கழற்றினால் அபராதம் போடும் கல்லூரிகள் உண்டு. சுற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் கழுத்துப் பட்டை தொங்கினால் உயிருக்கே ஆபத்து. 'பட்டறைக்குள் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள அனுமதி' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் காவலாளியோடு தகராறு வராது.

இரண்டாவது, நேரம். மாணவியர் விடுதி மூடும் நேரத்தைக் கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே முடியும்படி சோதனை நேரத்தை வையுங்கள். இல்லாவிட்டால் அணியில் உள்ள பெண்கள் ஓட்டிப் பழகவே முடியாமல் போகும். அவர்களும் போட்டிக்கு வரத்தானே போகிறார்கள். பழகாத கையோடு அனுப்புவது அவர்களுக்கும் ரோபோவுக்கும் நல்லதில்லை.

கல்லூரியின் விபத்துக் காப்பீடு பட்டறை வேலைக்கும் வெளியூர்ப் போட்டிக்கும் பொருந்துமா என்று அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

3. முதலில் வாங்க வேண்டியவை

பத்துப் பேர் அணிக்குப் பாதுகாப்புச் சாமான் எல்லாம் சேர்த்துச் சுமார் 12,000 ரூபாய் ஆகும். ஊருக்கும் கடைக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி பத்து, ஒன்று 250 ரூபாய் என்று வையுங்கள். ஃபிரேமில் ஈஎன்166 என்ற குறி இருக்கிறதா பாருங்கள். பவர் கண்ணாடி போட்டிருப்பவர்கள் 'எனக்குத்தான் கண்ணாடி இருக்கே' என்பார்கள். அது பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது; அதற்கு மேலேயே மாட்டும் பெரிய வகை கிடைக்கும், அதில் மூன்று வாங்குங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு, எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் 4,000 வரை. 2 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் 1,500. காதுக் கவசம் மூன்று 1,500. பேட்டரியை உள்ளே வைக்கும், தீ தாங்கும் லிப்போ பை இரண்டு 1,000. முதலுதவிப் பெட்டி 700. எக்ஸ்டி90 கனெக்டர் (பேட்டரி வயருக்கான இணைப்பான்), பூட்டுக்கு இரும்புக் கம்பி, மணல் வாளி எல்லாம் மீதிக்குள் அடங்கும்.

பணம் போதாவிட்டால் மோட்டாரில் குறையுங்கள், கண்ணாடியில் வேண்டாம்.

4. பூட்டும் லிங்க்கும்

இந்த இரண்டும்தான் உங்கள் பட்டறையின் உயிர்நாடி. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பூட்டு என்பது ஆயுதத்தை அசையவிடாமல் பிடிக்கும் இரும்புக் கம்பி. ஆயுதத்தின் துளை வழியாகவும் சட்டத்தின் துளை வழியாகவும் ஒரே நேரத்தில் போக வேண்டும். மோட்டார் முழு வேகம் கொடுத்தாலும் வளையக் கூடாது, ரோபோவைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழக் கூடாது. கேபிள் டை, மரத்துண்டு, ஜி-கிளாம்ப் எதுவும் பூட்டு ஆகாது, அதிர்வில் கழன்றுவிடும். கம்பியின் பிடி ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும், அப்போதுதான் கை ஆயுதத்தின் பாதைக்குள் போகாமல் உருவ முடியும். பளிச்சென்று ஆரஞ்சு பெயின்ட் அடித்து ஒரு சிவப்பு நாடா கட்டுங்கள்.

லிங்க் என்பது பேட்டரிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் கழற்றும் இணைப்பு. ஓர் எக்ஸ்டி90-இன் இரண்டு முனைகளையும் தடிமனான வயரால் சேர்த்துச் சால்டர் வைத்தால் லிங்க் தயார். அதை உருவினால் ரோபோ செத்த கட்டை. ரோபோவின் மூடியைத் திறக்காமலே, ஆயுதத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டும்படி வையுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு, லிங்க்கை மூடிக்கு உள்ளே வைப்பது. அவசரத்தில் ஆறு ஸ்குரூ கழற்ற யாருக்கும் நேரம் இருக்காது.

இனிச் சிரிப்புக்கு வருவோம். பட்டறை வாசலுக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும் உயரத்தில் ஓர் ஆணி அடியுங்கள். லிங்க்கின் இடம் அந்த ஆணி. அது அங்கே தொங்கும்வரை பாட்டு போடலாம், கலாய்க்கலாம், கானா பாடலாம். லிங்க் ஆணியை விட்டுப் போன நொடியிலிருந்து பேச்சு எல்லாம் வேலைப் பேச்சு. யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை. ஆணியைப் பார்த்தால் போதும்.

5. எந்த நகைச்சுவை உதவும், எது கொல்லும்

சுவரில் 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதிய போர்டை ஒரு வாரத்துக்குமேல் யாரும் படிக்க மாட்டார்கள். 'உள்ளே வரும்போது விரலை எண்ணு. போகும்போதும் அதே கணக்கு வரணும்' என்று எழுதிப் பாருங்கள், புதிதாக வருபவர் கட்டாயம் கையைப் பார்ப்பார். வடிவேலு முகத்தை வைத்து அணியே செய்த மீம், தேர்வுத்துறைச் சுற்றறிக்கையைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். பழகிப்போன ஜோக் சுவரோடு சுவராகிவிடும். எச்சரிக்கையின் கருத்து ஜோக்கில் கரைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்: 'பூட்டு போட்டாச்சா?' என்ற சொல் பெரிதாக இருக்கட்டும், கிண்டல் அதன் கீழே இருக்கட்டும்.

ரோபோவுக்குக் கூத்தான பெயர் வைப்பதும் நல்லதே. பெயர் வைத்த பொருளைப் பிள்ளைகள் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரே பட்டறையில் இரண்டு ரோபோ இருந்தால் பெயர்கள் ஒலியில் ஒத்துப்போகக் கூடாது. 'ராக்கி'யும் 'ராக்கெட்'டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், 'ராக்கெட்டை ஆன் பண்ணு' என்று கத்தும்போது எவர் கை எந்த ரிமோட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

கீழே உள்ளவற்றுக்கு விதிவிலக்கே கிடையாது.

'நிறுத்து' என்ற சொல்லை விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது. அந்தச் சொல் காதில் விழுந்தால், சொன்னவர் நேற்றுச் சேர்ந்த முதலாண்டு மாணவராக இருந்தாலும், ஓட்டுபவர் கை ரிமோட்டின் குச்சியை விட்டுவிட வேண்டும். ஏன் என்று பிறகு கேட்கலாம். இரண்டு தரம் பொய்யாகக் கத்தினால் மூன்றாவது தரம் புலி வந்தாலும் யாரும் திரும்ப மாட்டார்கள். 'ஐயோ', 'அம்மா' என்று வேண்டுமென்றே அலறுவதும் இதே கணக்குத்தான்.

குனிந்து வேலை செய்பவரின் பின்னால் போய்த் திடுக்கிட வைக்கக் கூடாது. கையில் கிரைண்டரோ சால்டரிங் அயர்னோ இருக்கலாம்; திடுக்கிட்ட கை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது.

ஆயுதம் இல்லாத ரோபோவைக்கூட ஆட்களின் காலை நோக்கி ஓட்டாதீர்கள். 15 கிலோ இரும்பு கணுக்காலில் மோதினால் எலும்பு முறிய வேகம் அதிகம் தேவையில்லை. அதோடு, ஓட்டுபவர் மனதில் 'ஆளை நோக்கி ஓட்டலாம்' என்ற பழக்கம் ஏறிவிடும்.

லிங்க்கையோ பூட்டையோ ஒளித்துவைத்து விளையாடக் கூடாது. அவசரத்துக்கு ஒரு வயரை முறுக்கி லிங்க் மாதிரி போடுவார்கள். கதை அங்கேயே முடிந்தது.

புதியவரை ரோபோவால் மிரட்டுவதும், 'தைரியம் இருந்தா பிளேடைத் தொடு' என்பதும் ராகிங். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இதற்கும் பொருந்தும். சீனியர் சொன்னாலும் முதலாண்டு மாணவர் மறுக்கலாம். மறுத்தவரைக் கேலி செய்யக் கூடாது என்பதையும் அணியின் விதியாகவே எழுதி ஒட்டுங்கள்.

ரீல்ஸ் எடுப்பதாக இருந்தால் கைபேசியை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு விலகி நில்லுங்கள். ஓட்டுபவர் கேமராவைப் பார்த்துப் பேசக் கூடாது. சுற்றும் ஆயுதத்துக்கு முன்னால் முகபாவம் காட்டும் காட்சி வேண்டுமென்றால், பிளேடைக் கழற்றிவிட்டு எடுங்கள், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

6. உடை

கால் மூடிய ஷூ. செருப்போடு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள், அவர் அணித் தலைவராகவே இருந்தாலும். துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது மேலே பட்டறைக் கோட்டு போட வேண்டும். பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக்கிக் கோட்டுக்குள் விடலாம். கோயில் கயிறு, வளையல், மோதிரம் எல்லாம் கழற்ற வேண்டியவை. மோதிரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே மோதிரம் பட்டால் ஷார்ட் ஆகி நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்களுக்கு முழங்கைக்கு மேல் ஏற்றிக் கட்டச் சொல்லலாம்.

துணிக் கையுறை லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் வேண்டாம். அது சிக்கிக் கையையும் சேர்த்து இழுக்கும்.

7. பேட்டரி

சண்டை ரோபோவில் பிளேடைவிட அதிகம் பயப்பட வேண்டியது லிப்போ. பிளேடு நின்றுவிடும், பேட்டரி ராத்திரி இரண்டு மணிக்கும் பற்றிக்கொள்ளும்.

ஒரு செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் செல் கெட்டுப்போகும். எடுத்துவைக்கும்போது செல் 3.8 வோல்ட்டில் இருக்கட்டும். 6எஸ் பேட்டரி என்றால் ஆறு செல். முழு சார்ஜில் 25.2 வோல்ட். சார்ஜ் செய்யும் மின்னோட்டம் 1சி, அதாவது 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர். பேலன்ஸ் வயரைச் செருகாமல் ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள்.

சார்ஜரில் மாட்டிக்கொள்ளும் இடம் மெனு. சாதாரண லிப்போவை 'லிஹெச்வி' என்ற அதிக வோல்ட் வகையில் வைத்துவிட்டால் ஒவ்வொரு செல்லையும் 4.35 வோல்ட் வரை ஏற்றிவிடும். வீங்குவதும் பற்றுவதும் அதற்குப் பிறகுதான். ஸ்டார்ட் அழுத்தும் முன் வகை, செல் எண்ணிக்கை, ஆம்பியர் மூன்றையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பேட்டரி மேல் உள்ள அச்சைப் பார்த்து 'சரி' என்று சொல்ல வேண்டும். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது என்று நம்பாமல், மூன்றையும் மறுபடி படியுங்கள்.

விடுதி அறையில் சார்ஜ் வேண்டாம். கட்டிலுக்குக் கீழே பேட்டரி, மேலே மெத்தை, தூங்குகிற மூன்று பேர் என்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். பட்டறையில், சிமென்ட் தரையில், லிப்போ பைக்குள் வைத்து, சார்ஜ் முடியும்வரை ஓர் ஆள் அங்கேயே இருக்க வேண்டும். 1சி-யில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கலாம்.

அடிபட்ட, வீங்கிய, பழவாசனை போல இனிப்பாக வாடை வரும் பேட்டரியை உடனே வெளியே, திறந்த இடத்தில், மணல் வாளியில் வையுங்கள். புகை வர ஆரம்பித்தால் அறையைக் காலி செய்யுங்கள். அந்தப் புகை நச்சு. ஏபிசி பவுடர் சுற்றியுள்ள தீயை அடக்கும். ஆனால் உள்ளே செல் கொதித்துக்கொண்டேதான் இருக்கும், மறுபடி பற்றும். 'அணைந்துவிட்டது' என்று கையில் எடுக்காதீர்கள்.

8. ஃபெயில்சேஃப்: ரிமோட்டை நம்பும் முன்

ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் ஓட்டமும் ஆயுதமும் தானாக நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் சிக்னல் போன பின்னும் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொள்ளும். முழு வேகத்தில் சுற்றும்போது ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தால் ஆயுதம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று பொருள்.

சோதிக்கும் முறை: பிளேடைக் கழற்றுங்கள். ரோபோவைச் சக்கரம் தரையில் படாதபடி மரக்கட்டை மேல் ஏற்றுங்கள். மெதுவாக ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். ஓரிரு வினாடிக்குள் எல்லாம் நின்றால் சரி. நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் அமைப்பில் ஆயுதச் சேனலுக்குப் பூஜ்ஜியத்தைப் பதிந்து, மறுபடி சோதியுங்கள். ரிமோட்டை ரிசீவருடன் புதிதாக பைண்ட் செய்யும் (இணைக்கும்) ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். போட்டி ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டச் சொல்வார்கள். அங்கே போய்த் தெரிந்துகொள்வதைவிட இங்கேயே தெரிவது நல்லது.

9. சுற்றிப் பார்க்கும் பெட்டி

ஆயுதத்தை வெளியில் வைத்துச் சுற்றக் கூடாது. 'ஒரே ஒரு நிமிஷம்' என்றாலும் கூடாது. பெட்டிக்கு மேல்கூரை உண்டு. சுவர் மட்டும் இருந்து மேலே திறந்திருந்தால், செங்குத்தாகச் சுற்றும் பிளேடின் உடைந்த துண்டு மேலே போய் எல்லார் தலையிலும் இறங்கும். பார்க்கும் பக்கத்துக்குப் பாலிகார்பனேட். அக்ரிலிக் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், அடித்தால் கண்ணாடி போலத் தெறிக்கும். கடையில் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, கண்ணாடி அணிந்து சுத்தியலால் அடித்துப் பாருங்கள்: பாலிகார்பனேட் பள்ளம் விழுந்து வளையும், அக்ரிலிக் நொறுங்கும்.

பாலிகார்பனேட்டைத் தின்னர் ஊற்றித் துடைக்காதீர்கள். ஸ்குரூ தளராமல் இருக்கப் போடும் திரெட் லாக்கர் பசை அதன்மேல் பட்டாலும் போச்சு. முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஸ்குரூத் துளையைச் சுற்றி முடி போல மெல்லிய கீறல்கள் ஓடியிருக்கும். அந்தத் தகடு அடியைத் தாங்காது. சோப்புத் தண்ணீர் போதும்.

15 கிலோவுக்கு மேல் உள்ள ரோபோவுக்கு மாணவர்கள் தாங்களே பார்க்கும் பெட்டி செய்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தடித்த எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டால் மூடிய பெட்டி செய்து, உள்ளே கேமரா வைத்து வெளியிலிருந்து திரையில் பாருங்கள். செலவும் குறைவு.

எங்கே நிற்பது? பிளேடு சுற்றும் தளத்தில் நிற்காதீர்கள். உடைந்தால் துண்டு அந்தத் தளத்தில்தான் பறக்கும். படுக்கையாகச் சுற்றும் ஆயுதத்துக்கு நாலாபுறமும் ஆபத்து. செங்குத்தாகச் சுற்றுவதற்கு முன்னும் பின்னும் மேலும் ஆபத்து.

10. உயிர் கொடுக்கும் வரிசை

இதை அச்சடித்துப் பெட்டி மேல் ஒட்டுங்கள். ஒருவர் படிக்க ஒருவர் செய்ய வேண்டும்.

பூட்டு போட்டபடி ரோபோ பெட்டிக்குள் போகும். ரிமோட்டை ஆன் செய்து, ஆயுதக் குச்சி அடியில் இருப்பதை இருவர் பார்க்க வேண்டும். அதன் பிறகே லிங்க். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி-யின் பீப் ஒலி முடியும்வரை காத்திருங்கள். பிளேடின் தளத்துக்கு வெளியே நின்று பூட்டை உருவுங்கள். கதவை மூடித் தாழ் போடுங்கள். பூட்டை உருவியவர் அதைக் கையில் உயர்த்திக் காட்டினால்தான் ஓட்டுபவர் குச்சியைத் தொடலாம்.

முதல் நாள் கால்வாசி வேகத்துக்குமேல் வேண்டாம். பத்து வினாடி சுற்றி நிறுத்துங்கள். ஸ்குரூத் தலைக்கும் சட்டத்துக்கும் குறுக்காகப் பெயின்ட் பேனாவால் முன்பே ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. ஆயுத அச்சுக்குத் தெருமுனைக் கடை போல்ட் போடாதீர்கள், தலையில் 12.9 என்று பொறித்ததைக் கேட்டு வாங்குங்கள்.

குச்சியை இறக்கிய பின் ஆயுதம் முழுதாக நிற்க எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். அந்த எண்ணையும் ரோபோ முதுகில் எழுதுங்கள். 40 வினாடி என்றால் 40 வினாடியும் கதவு திறக்கக் கூடாது. நின்றது போலத் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் கண் ஏமாறும்.

அணைக்கும்போது: ஆயுதம் நின்றது, பூட்டு உள்ளே, லிங்க் வெளியே, கடைசியாக ரிமோட். ரிமோட்தான் முதலில் எழும், கடைசியில் தூங்கும். லிங்க் ஆணிக்குத் திரும்பியதும் வாயைத் திறக்கலாம். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போது வரும் பாருங்கள், நன்றாகவே இருக்கும்.

ஓட்டப் பழகுவதற்கு ஆயுதம் தேவையே இல்லை. ஆயுதத்தைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நாள் முழுக்க ஓட்டுங்கள்.

11. அடிபட்டால்

வாசலில் பெரிதாக 108, 112 என்று எழுதி, அதன் கீழே ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்றும் எழுதுங்கள். பதற்றத்தில் வளாகத்துக்கு வழி சொல்ல வராது.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட், இங்க், வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். கண்ணில் இரும்புத்தூள் குத்தியிருந்தால் தேய்க்கவோ ஊசியால் எடுக்கவோ வேண்டாம்; மூடிக் கட்டி மருத்துவமனைக்கு. ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணி வைத்து விடாமல் அழுத்துங்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வையுங்கள். பனிக்கட்டி நேராகப் படக் கூடாது.

தப்பித்த சம்பவங்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, என்ன நடந்தது, எதனால். பெயர் வேண்டாம். பெயர் எழுதினால் அடுத்தவர் எழுத மாட்டார். இந்த நோட்டைப் படிக்கும்போது யாரையும் கிண்டல் செய்யாதீர்கள்.

12. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது

விமானத்தில் போவதாக இருந்தால் பேட்டரியின் வாட் மணிக் கணக்கை முதலிலேயே போடுங்கள்: வோல்ட் பெருக்கல் ஆம்பியர் மணி. 6எஸ், 5,000 என்றால் 22.2 பெருக்கல் 5, அதாவது 111 வாட் மணி. தனியாகக் கொண்டுபோகும் பேட்டரி கைப்பையில்தான் போகலாம், செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. 100 வாட் மணிக்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், ஆளுக்கு இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுபோகவே முடியாது. அதனால் 111 வாட் மணிப் பேட்டரி வாங்கும் முன், அதே வோல்ட்டில் 4,500-க்குள் போதுமா என்று பாருங்கள்; 99.9 வாட் மணியில் நின்றுவிடும். முனைகளை ஒவ்வொன்றாக டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போடுங்கள். பிளேடையும் கருவிகளையும் கைப்பையில் விடமாட்டார்கள். அவை செக்-இன் பெட்டிக்கு.

திரும்பி வந்த ராத்திரி எல்லாருக்கும் தூக்கம் சொக்கும். அன்றைக்கே பேட்டரிகளைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். அடி வாங்கியதைத் தனியாக மணலில் வைத்து, மறுநாள் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. புதுப் பேட்டரி வந்ததும் அதன்மேல் மார்க்கரால் வாங்கிய தேதியை எழுதுங்கள், ஒவ்வொரு முறை சார்ஜ் போடும்போதும் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்.